மசாலா சாய் லாட்டே: குறையை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

காபிக் கடைகளில் கிடைக்கும் சாய் லாட்டேயும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சும் மசாலா டீயும் ஏறக்குறைய ஒரே பொருள்களால் ஆனவை. செய்முறைதான் வேறு. டீயில் தண்ணீர், பால், தேயிலை, மசாலா எல்லாம் சேர்ந்து கொதிக்கின்றன. லாட்டேயில் மசாலாவும் தேயிலையும் இறங்கிய கெட்டி டிகாக்‌ஷன் தனி, நுரைத்த பால் தனி. இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பதே கோப்பையில்தான். வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லும் குறைகளில் பல, இந்த இரண்டையும் பிரித்து வைக்காததால் வருபவை.

ஆகவே எந்தக் குறையானாலும் முதல் சோதனை ஒன்றே. டிகாக்‌ஷனை ஒரு தேக்கரண்டி தனியாகச் சுவையுங்கள். பிறகு பாலை ஒரு வாய் தனியாகக் குடியுங்கள். கோளாறு எந்தப் பக்கம் என்று அப்போதே தெரிந்துவிடும். டிகாக்‌ஷன் தனியாகக் குடிக்கும்போது இதமாக இருந்தால், அதுவே ஒரு குறைதான். பால் சேர்வதற்கு முன் அது முகம் சுளிக்க வைக்கும் அளவுக்குத் தூக்கலாக இருக்க வேண்டும். காரணம் எளிது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. பாலின் கொழுப்பு மசாலாவின் காரத்தையும் அடக்குகிறது. இந்த இழப்பையெல்லாம் முன்கூட்டியே ஈடுகட்டித்தான் டிகாக்‌ஷனைத் தயாரிக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஓர் அளவு வேண்டுமே. நான் அடிப்படையாக வைத்துக்கொள்வது இது: தண்ணீர் 600 மி.லி., ஏலக்காய் 10, கிராம்பு 5, ஒரு விரல் நீளப் பட்டை, மிளகு 8, அன்னாசிப்பூ 1, தோல் சீவி வட்டமாக நறுக்கிய இஞ்சி 20 கிராம். மசாலாவை ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீரில் போட்டு, மூடி வைத்து, சிறு தீயில் 12 முதல் 15 நிமிடம் கொதிக்கவிடவும். அடுப்பை அணைத்த பிறகு 20 கிராம் கறுப்புத் தேயிலையைச் சேர்த்து, மறுபடி மூடி, 4 அல்லது 5 நிமிடம் ஊறவைக்கவும். வடிகட்டி, சூடாக இருக்கும்போதே 60 கிராம் சர்க்கரையைக் கரைக்கவும். ஆவியாகிப் போவதும் தேயிலை உறிஞ்சிக்கொள்வதும் போகச் சுமார் 480 மி.லி. மிஞ்சும். ஒரு கோப்பைக்கு 120 மி.லி. டிகாக்‌ஷன், 120 மி.லி. பால், ஆக நான்கு கோப்பை. இனி ஒவ்வொரு குறையாகப் பார்க்கலாம்.

சப்பென்று, பால் வெந்நீர் போல இருக்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். இதற்குப் பெரும்பாலானோர் தேடும் தீர்வு தேயிலையை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவைப்பது. அப்படிச் செய்தால் திடம் கூடாது, துவர்ப்புதான் கூடும். தேயிலையின் நிறமும் மணமும் கஃபீனும் வெந்நீரில் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பகுதி இறங்கிவிடுகின்றன. அதன் பிறகு இறங்குவதில் கடுமைதான் அதிகம். திடம் வேண்டும் என்றால் நேரத்தைக் கூட்டாமல் தேயிலையின் அளவைக் கூட்டுங்கள். தனியாகக் குடிக்கும் கறுப்புத் தேநீருக்கு ஒரு கோப்பைக்கு 2 கிராம் போதும். அதே 2 கிராமைப் பாதி பாலுடன் கலக்கப்போகும் டிகாக்‌ஷனுக்கும் போட்டால் அது பாலுக்குள் காணாமல் போய்விடும். மேலே சொன்ன அளவில் ஒரு கோப்பைக்கு 5 கிராம் வருகிறது. பையில் அடைத்த தேயிலை என்றால், ஒரு பையில் ஏறக்குறைய 2 கிராம்தான் இருக்கும். நான்கு கோப்பைக்கு 10 பை என்று சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். கணக்கு அதுதான்.

தேயிலையின் வகையும் முக்கியம். மென்மையான, பூமணம் கொண்ட முழு இலைகள் இந்த வேலைக்கு ஆகாது. விலை உயர்ந்தவை என்பதற்காக அவற்றை இங்கே பலியிட வேண்டாம். நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் உருண்டை உருண்டையான சி.டி.சி. தேயிலை அல்லது அஸ்ஸாம் வகை போலத் திடமான கறுப்புத் தேயிலையே பாலுக்கு ஈடுகொடுக்கும்.

தேயிலை சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால் கோப்பையைப் பாருங்கள். பெரிய குவளையில் டிகாக்‌ஷனைக் கண்ணளவில் ஊற்றி, மீதியைப் பாலால் நிரப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு, சில சமயம் ஒன்றுக்கு மூன்று என்று பால் கூடிப்போகிறது. ஒருமுறை அளந்து ஊற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கையில் இருக்கும் டிகாக்‌ஷன் நீர்த்துவிட்டது, அதை எப்படிக் காப்பாற்றுவது? சுண்டக் காய்ச்சாதீர்கள். மணம் ஆவியோடு போய், கடுமை மட்டும் பாத்திரத்தில் தங்கும். கொதி வரும் வரை சூடாக்கி, அணைத்து, இன்னும் இரண்டு பை தேயிலையை நான்கு நிமிடம் ஊறவைத்து எடுத்துவிடுங்கள்.

டீயின் சுவை தெரிகிறது, மசாலாவின் சுவை தெரியவில்லை

இதில் இரண்டு விதம் உண்டு. காய்ச்சும்போது வீடெல்லாம் மணந்தது, கோப்பையில் மணமே இல்லை என்றால், மூடி போடாமல் காய்ச்சியிருக்கிறீர்கள். ஏலக்காய், கிராம்பு, பட்டை எல்லாவற்றின் மணமும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில்தான் இருக்கிறது. வீடு மணந்தது என்றால் கோப்பைக்கு வர வேண்டியது காற்றில் போய்விட்டது என்று பொருள். மூடி, சிறு தீ, இரண்டும் கட்டாயம்.

காய்ச்சும்போதே மணம் எழவில்லை என்றால் மசாலா பழையது, அல்லது முழுசாகப் போட்டிருக்கிறீர்கள். உடைக்காத ஏலக்காய் கால் மணி நேரம் கொதித்தாலும் தன் விதைகளைத் தோலுக்குள்ளேயே காத்துக்கொண்டிருக்கும். தோலைப் பிளந்து விதைகளை நசுக்கினால்தான் வேலை நடக்கும். பழசா என்று பார்க்கவும் வழி உண்டு. கிராம்பின் தண்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும். ஏலக்காயைத் திறந்தால் விதைகள் கறுத்து, லேசாக ஒட்டும் தன்மையோடு இருக்க வேண்டும். வெளுத்து உலர்ந்து உதிர்ந்தால் அதைக் கூட்டிப் போட்டும் பயனில்லை.

மசாலாவை வெறும் பாத்திரத்தில் லேசாக வறுத்துப் போடுவது நல்ல உத்தி. ஆனால் மணம் எழுந்த நொடியில் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். புகை எழும் வரை விட்டால் அடுத்து வரும் ‘கசக்கிறது’ என்ற பகுதிக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதைக் கேட்டால் பலருக்குப் பிடிப்பதில்லை. சர்க்கரை போதவில்லை. கடையில் ஊற்றும் சாய் டிகாக்‌ஷன் பெரும்பாலும் நன்றாக இனித்த ஒன்று. இனிப்பு இல்லாமல் பட்டையும் ஏலக்காயும் மணமாகத் தெரியுமே தவிர, சுவையாக நாக்கில் நிற்காது. ‘கடையில் குடித்தது போல வரவில்லை’ என்பவர்கள், மசாலாவைக் கூட்டுவதற்கு முன், ஒரே ஒரு கோப்பைக்கு மட்டும் வழக்கத்தைவிட ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துப் பாருங்கள். தேடிக்கொண்டிருந்த சுவை அதிலேயே அகப்படலாம். இனிப்பைக் குறைத்துக்கொள்வது அவரவர் விருப்பம், நல்ல விருப்பமும்கூட. ஆனால் அப்போது கடைச் சுவையை எதிர்பார்க்கக் கூடாது. டிகாக்‌ஷன் சற்று ஆறியதும் சேர்க்கும் அரைத் தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், சர்க்கரையைக் கூட்டாமலே இனிப்பு கூடியது போன்ற உணர்வைத் தரும். பல கடைகளின் தயாரிப்பில் வெனிலா இருப்பதும் இதனால்தான்.

கசக்கிறது, அல்லது நாக்கைப் பிடிக்கிறது

இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் தீர்வு தவறிப்போகிறது. விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்து சொரசொரப்பாக இருந்தால் அது துவர்ப்பு, குற்றவாளி தேயிலை. நாக்கின் பின்புறம் கசந்து, லேசான மரமரப்பும் இருந்தால் அது கிராம்பு. அதில் உள்ள யூஜினால் என்ற பொருளுக்கு உணர்வை மரக்கச் செய்யும் குணம் உண்டு. பல் மருத்துவத்தில் அதைப் பயன்படுத்துவதும் அதனால்தான். கரிந்த வாடையோடு கசந்தால் வறுத்ததில் தவறு.

துவர்ப்புக்குக் காரணம் தேயிலையை மசாலாவோடு சேர்த்து ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்கவிட்டதாக இருக்கலாம். பட்டைக்கும் கிராம்புக்கும் கால் மணி நேரம் தேவை. தேயிலைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் யாராவது ஒருவருக்கு அநியாயம் நடக்கும். மசாலா முதலில், தேயிலை அடுப்பை அணைத்த பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வடிகட்டும்போது தேயிலையைக் கரண்டியால் அழுத்திப் பிழிவதும், பையை முறுக்கிப் பிழிவதும் துவர்ப்பைக் கூட்டும். கடைசிச் சில சொட்டுகளை விட்டுக்கொடுங்கள்.

செய்முறை சரியாக இருந்தும், ஓட்ஸ் பாலுக்கு மாறியதிலிருந்து நாக்கைப் பிடிக்கிறது என்கிறீர்களா? அதற்கும் விளக்கம் உண்டு. ஓட்ஸ் பாலிலும் பாதாம் பாலிலும் புரதம் மிகக் குறைவு. கேசீன் கிடையவே கிடையாது. துவர்ப்பைப் பற்றிக்கொள்ள ஆள் இல்லை. அத்தகைய பாலுக்குத் தேயிலை ஊறும் நேரத்தை மூன்று நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பையில் இருப்பதைச் சரிசெய்ய வேண்டும் என்றால், துவர்ப்புக்குப் பால் கூட்டுவது பலன் தரும். கசப்புக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவான உப்பு. உப்புச் சுவை தெரியும் அளவுக்குப் போடக் கூடாது. கசப்பைச் சர்க்கரையால் மறைக்க முயன்றால் இனிப்பும் கசப்பும் தனித்தனியாகத் தெரியும் ஒரு விசித்திரம்தான் மிஞ்சும்.

ஒரு மசாலா மட்டும் முந்திக்கொண்டு நிற்கிறது

மருந்து வாடை என்றால் கிராம்பு. சோம்பு மிட்டாய் வாடை என்றால் அன்னாசிப்பூ. சோப்பு வாடை என்றால் ஏலக்காய் மிதமிஞ்சியிருக்கிறது. குடித்து முடித்த பிறகு தொண்டையில் கமறிக்கொண்டே இருந்தால் மிளகு அல்லது சுக்கு. இவற்றில் கிராம்பும் அன்னாசிப்பூவும்தான் ஆபத்தானவை. ஒன்று கூடினாலும் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அளவை இரட்டிப்பாக்கும்போது இவை இரண்டையும் மட்டும் ஒன்றரை மடங்கோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

இஞ்சிக்குப் பதில் சுக்கு போட்டவர்கள் அதே எடையைப் போடக் கூடாது. உலரும்போது இஞ்சியின் காரப் பொருளில் ஒரு பகுதி இன்னும் உறைப்பான வேறொன்றாக மாறிவிடுகிறது. தண்ணீரும் வற்றிப்போவதால் எடைக்கு எடை சுக்கு மிகவும் கடுமையானது. 20 கிராம் இஞ்சி இருந்த இடத்தில் 2 அல்லது 3 கிராம் சுக்கில் தொடங்குங்கள். மிளகின் காரம் தொண்டையில் நிற்கிறது என்பவர்கள் அதை முதலில் போடாமல் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்க்கலாம்.

பட்டையிலும் வேறுபாடு உண்டு. தடித்து, கெட்டியாக, ஒரே சுருளாக இருப்பது காசியா. காரமும் திடமும் அதிகம். காகிதம் போல மெல்லிய அடுக்குகளாக இருப்பது உண்மையான இலவங்கப்பட்டை. மென்மையானது, இனிய மணம் கொண்டது. கடைச் சுவைக்குப் பெரும்பாலும் முதல் வகைதான் பொருந்தும். இரண்டாவதைப் போட்டுவிட்டுப் பட்டை வாசனையே இல்லை என்று அளவை மூன்று மடங்காக்க வேண்டாம்.

பால் திரிந்துவிட்டது

மேலே பொடிப்பொடியாக மிதக்கிறதா, கட்டியாக உறைந்திருக்கிறதா, அடியில் தங்கியிருக்கிறதா என்பதைவிட, எப்போது திரிந்தது என்பதைக் கவனியுங்கள். அதில்தான் விடை இருக்கிறது.

பாலைத் தனியாகச் சூடாக்கும்போதே திரிந்தால் பால் கெட்டுப்போயிருக்கிறது. அதைக் கீழே கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிகாக்‌ஷனில் ஊற்றிய பிறகு திரிந்தால் முதல் சந்தேகம் இஞ்சி. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் சிஞ்சிபெயின் என்ற நொதி இருக்கிறது. அது மும்முரமாக வேலை செய்வது 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில். லாட்டேக்குப் பாலைச் சூடாக்குவதும் அதே அளவுக்குத்தான்! கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே இஞ்சியைத் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்ட டிகாக்‌ஷனால் தொல்லை வராது. கடைசியில் மணத்துக்காகப் பச்சை இஞ்சியைத் துருவிப் போடுவதும், இஞ்சிச் சாற்றைப் பாலில் நேரடியாக விடுவதும்தான் வம்பு. சுக்கில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

இஞ்சியைக் கொதிக்கவிட்டும் திரிந்தால், அமிலம். எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோல் சேர்த்தீர்களா? வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போன்ற சுத்திகரிக்காத இனிப்பைப் போட்டீர்களா? அவற்றில் உள்ள லேசான அமிலம் சூடான பாலைத் திரிக்கப் போதுமானது. வெப்பம் கூடக்கூட, குறைந்த அமிலத்துக்கே பால் திரியும். அத்தகைய இனிப்பை டிகாக்‌ஷனில் கரைத்து, அது கொதிநிலையிலிருந்து இறங்கிய பிறகே பாலைச் சேர்க்க வேண்டும். கலந்த பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது.

தாவரப் பால்களுக்குத் தனிக் கதை. சோயா பாலின் புரதம் தேநீரின் இயல்பான அமிலத்துக்கே திரிந்துவிடும். பாதாம் பாலும் அப்படித்தான் துகள் துகளாகப் பிரியும். கொதிக்கும் டிகாக்‌ஷனில் குளிர்ந்த சோயா பாலை ஊற்றுவது மிக மோசமான சேர்க்கை. டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டு, பாலைச் சூடாக்கி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றி அதன்மேல் டிகாக்‌ஷனை மெல்லச் சேர்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ‘பாரிஸ்டா’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் தாவரப் பால்களில் அமிலத்தைத் தாங்குவதற்கான பாஸ்பேட் உப்புகள் சேர்த்திருப்பார்கள். வெறும் விளம்பரச் சொல் அல்ல. இந்த இடத்தில் அது உண்மையிலேயே உதவும்.

இஞ்சியாலோ அமிலத்தாலோ திரிந்ததைக் குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் வடிகட்டினாலும் அடித்துக் கலந்தாலும் பழைய வழவழப்பு திரும்பாது.

நுரை வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை

நுரையைக் கட்டுவது பாலின் புரதம். காற்றுக் குமிழைச் சுற்றி அது ஒரு மெல்லிய உறை போலப் படிகிறது. இதைக் கெடுப்பவை மூன்று: வெப்பம், பழைய பால், பாத்திரத்தின் பிசுக்கு.

வெப்பத்தை முதலில் பார்ப்போம். 60 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரைதான் பாலைச் சூடாக்க வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் பாலின் மோர்ப் புரதங்கள் உருக்குலையத் தொடங்குகின்றன. காய்ச்சிய பாலின் வாடை வருகிறது, நுரையும் நிலைக்காது. கொதிக்கவைத்து ஆடை படிந்த பாலை அடித்துவிட்டு நுரை வரவில்லை என்பது நியாயமான புகார் ஆகாது. வெப்பமானி இல்லாதவர்களுக்கு: ஆவி எழத் தொடங்கும்போதே, பாத்திரத்தின் ஓரத்தில் குமிழ்கள் கட்டுவதற்கு முன், அடுப்பை அணையுங்கள். உலோகக் குவளை என்றால் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்து இரண்டு நொடிக்கு மேல் வைத்திருக்க முடியாத சூடு சரியான சூடு. ஒருமுறை சூடாக்கி ஆறிய பாலை மறுபடி சூடாக்கினால் முன்போல் நுரைக்காது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பாலில் தொடங்குங்கள்.

திறந்து பல நாள் ஆன பால் புளிக்காமல் இருந்தாலும் நுரைக்க மறுப்பது உண்டு. கொழுப்பு சிதைந்து வெளிப்படும் கொழுப்பு அமிலங்கள் குமிழ்களை உடைக்கின்றன. சுவையில் தெரியாத இந்த மாற்றத்தை நுரை காட்டிக்கொடுத்துவிடும். குவளையில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும், சரியாக அலசாத சோப்பும் இதே வேலையைச் செய்யும்.

பெரிய பெரிய குமிழ்களாக, பாத்திரம் கழுவும் நீர் போல நுரை வந்தால் காற்று அதிகம் புகுந்திருக்கிறது, ஆனால் உடைந்து பொடியாகவில்லை. கையில் பிடிக்கும் மின்நுரைப்பானை முதல் சில நொடி மட்டும் பாலின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து, பிறகு அடிவரை இறக்கிச் சுழலவிடுங்கள். நீராவிக் குழாய் உள்ள இயந்திரத்திலும் இதே விதிதான்; பால் வெதுவெதுப்பாகும் வரை காற்று, அதன் பிறகு சுழற்சி மட்டும். இந்தக் கருவிகள் இல்லையென்றால், சல்லடைத் தட்டை மேலிருந்து அழுத்திக் காபி வடிக்கும் பிரெஞ்ச் பிரஸ் குவளை போதும். என் கணிப்பில், மலிவான மின்நுரைப்பானைவிட அது மேல். சூடான பாலைப் பாதிக்கும் குறைவாக ஊற்றி, கைப்பிடியை 15 முதல் 20 நொடி மேலும் கீழும் அடித்தால் மிக நுண்ணிய நுரை வரும். அதன் பிறகு குவளையை மேசையில் இரண்டு முறை தட்டி, வட்டமாகச் சுழற்றினால் மேலே நிற்கும் பெருங்குமிழ்கள் உடைந்து, பால் பெயின்ட் போலப் பளபளக்கும்.

நுரை தனியாக, உலர்ந்த பஞ்சாகக் கோப்பையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் கொழுப்பு நீக்கிய பாலைப் பயன்படுத்தியிருக்கலாம். அதில் நுரை எளிதாகவும் உயரமாகவும் எழும், ஆனால் வாயில் வறட்சியாக இருக்கும். 3 முதல் 3.5 சதவீதம் கொழுப்புள்ள பாலில் நுரை கொஞ்சம் தாழ்வாக வந்தாலும் பாலோடு இழைந்து நிற்கும். மற்றொரு காரணம் தாமதம். நுரைத்த பாலை வைத்துவிட்டு டிகாக்‌ஷனைத் தேடிப் போனால், திரும்புவதற்குள் பால் கீழேயும் நுரை மேலேயுமாகப் பிரிந்திருக்கும். டிகாக்‌ஷன் கோப்பையில் தயாராகக் காத்திருக்க, பால் கடைசியாக வர வேண்டும்.

வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, சூடு போதவில்லை

குளிர்ந்த டிகாக்‌ஷனை நேரே கோப்பையில் ஊற்றியிருக்கிறீர்கள். 4 டிகிரியில் இருக்கும் டிகாக்‌ஷனும் 65 டிகிரியில் இருக்கும் பாலும் சரிபாதி கலந்தால் சுமார் 35 டிகிரி. அதாவது உடல் சூட்டைவிடக் குறைவு. இதற்குப் பாலை அதிகம் சூடாக்கினால் நுரை போய்விடும். டிகாக்‌ஷனை ஆவி பறக்கச் சூடாக்குங்கள், கோப்பையை வெந்நீரில் அலசுங்கள். அவ்வளவுதான்.

அடியில் நறநறக்கிறது, அல்லது கொழகொழவென்று இருக்கிறது

நறநறப்பு, பொடித்த மசாலாவின் எச்சம். உலோக வடிகட்டியில் அது தங்காது. இரண்டாவது முறை மெல்லிய துணியிலோ காபி வடிகட்டும் காகிதத்திலோ வடிகட்டுங்கள். அல்லது பொடியை விட்டு ஒன்றிரண்டாக இடித்ததற்கு மாறுங்கள். கொழகொழப்பு பட்டைப் பொடியின் வேலை. தண்ணீரை உறிஞ்சி அது வழவழப்பான பசையாகிவிடும். துணியையும் அடைத்துக்கொள்ளும். பட்டையை மட்டுமாவது எப்போதும் துண்டாகவே போடுங்கள். கடைகளில் மேலே தூவுவது போலச் செய்ய ஆசைப்பட்டால் ஒரு சிட்டிகை மட்டும், நுரையின் மேல்.

உடனடி லாட்டே பொடியைப் பயன்படுத்துபவர்களுக்குக் கட்டி தட்டும் பிரச்சினை வரும். பொடியைப் பாலில் தூவாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் முதலில் குழைத்துக்கொண்டு, அதன்மேல் பாலை ஊற்றுங்கள்.

நிறம் மங்கி, சாம்பல் பூத்தது போல இருக்கிறது

தேயிலை குறைவு என்பது ஒரு காரணம். மற்றொன்று தண்ணீர். கால்சியம் மிகுந்த கடினநீரில் தேயிலை மங்கலாகவே இறங்கும். டிகாக்‌ஷனின் மேல் எண்ணெய் போல ஒரு மெல்லிய படலமும் படியும். வடிகட்டிய மென்மையான நீரில் ஒருமுறை செய்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கடையில் பார்த்த ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்குப் பழுப்புச் சர்க்கரையும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாம் தேயிலையின் சாதனை அல்ல.

ஐஸ் போட்டால் தண்ணீராகிவிடுகிறது

சூடான டிகாக்‌ஷனை ஐஸின் மேல் ஊற்றினால் ஐஸில் பெரும்பகுதி உருகிவிடும். முழுவதும் குளிரவைத்த பிறகே ஊற்றுங்கள். ஐஸ் லாட்டேக்குப் பாலைக் குறைத்து, டிகாக்‌ஷன் மூன்று பங்கு, பால் இரண்டு பங்கு என்று கலந்தால் ஐஸ் உருகிய பின்னும் தாங்கும். குளிரில் இனிப்பு மந்தமாகத்தான் தெரியும், சர்க்கரையும் கரையாது. ஆகவே இனிப்பைச் சூடாக இருக்கும்போதே சற்றுக் கூடுதலாகக் கரைத்துவிட வேண்டும்.

குளிர்ந்த டிகாக்‌ஷன் கலங்கிப்போனால் பயப்பட வேண்டாம். கஃபீனும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து கலங்கல் ஆகின்றன. சூடாக்கினால் தெளிந்துவிடும். பால் சேர்க்கப்போகும் பானத்தில் அதைப் பற்றிக் கவலைப்படுவதே வீண்.

நேற்று நன்றாக இருந்த டிகாக்‌ஷன் இன்று காறுகிறது

மசாலாவை வடிகட்டாமல் வைத்திருக்கிறீர்கள். குளிரிலும் கிராம்பும் பட்டையும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ‘ஊறட்டும், நல்லது’ என்று நினைப்பது இங்கே உதவாது. முழுவதும் வடிகட்டி, வெந்நீரில் அலசி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஐந்து நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் கெடாவிட்டாலும் ஏலக்காயின் மணம் தளர்ந்துவிடுகிறது. அப்போது சூடாக்கும்போது ஒரு புது ஏலக்காயைத் தட்டிப் போட்டு இரண்டு நிமிடம் மூடி வைத்தால் சரியாகும். புளித்த வாடையோ மேலே படலமோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். பால் கலந்து சேமிக்க வேண்டாம். அதிக நாள் வைக்க வேண்டும் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம். ஐஸ் லாட்டேக்கு அந்தக் கட்டிகளையே ஐஸாகப் போட்டால் உருக உருகப் பானம் நீர்க்காமல் திடமாகிக்கொண்டே போகும். ஆனால் அப்போது டிகாக்‌ஷனையும் பாலையும் பழைய சரிபாதிக் கணக்குக்கே கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வாய் காறும்.